செயற்கை நுண்ணறிவு திருத்திய இணையதளம்: வெளியிடுமுன் எதைப் பார்ப்பது?

கடைக்கென்று இணையதளம் வைத்திருப்பவருக்கு அதில் ஒரு தொலைபேசி எண்ணை மாற்றுவதுகூட நேற்றுவரை பெரும்பாடு. தளத்தைச் செய்துகொடுத்த இளைஞர் இதற்குள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருப்பார். வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினால் நீலக் குறிகள் விழும், பதில் வராது. இப்போது "தொடர்பு எண்ணை மாற்றிவிடு" என்று தமிழிலேயே எழுதினால் போதும். கிட்ஹப் கோபைலட், கோடெக்ஸ், கிளாட் கோட் போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தளத்தின் கோப்புகளைத் திறந்து, உரிய இடத்தைத் தேடிப்பிடித்து, திருத்தி, நம் ஒப்புதலுக்கு வைத்துவிடுகின்றன.

சிக்கல் தொடங்குவது அங்கேதான். திரையில் சிவப்பும் பச்சையுமாகப் புரியாத வரிகள் ஓடுகின்றன. ஓரத்தில் ஒரு பச்சைப் பொத்தான் காத்திருக்கிறது. நிரல் தெரியாதவர்களில் ஒரு சாரார் கண்ணை மூடிக்கொண்டு அதை அழுத்திவிடுகிறார்கள். மறு சாரார் எதற்கு வம்பு என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். தளத்தில் பழைய எண்ணே வாரக்கணக்கில் கிடக்கிறது. இரண்டுக்கும் அவசியமில்லை. சிறு கடை ஒன்றின் தளத்தில் சரிபார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி நிரலே அல்ல. எண், விலை, முகவரி, விடுமுறை நாள், நீங்கள் எழுதிவைத்த தமிழ் ஆகியவைதான். இவற்றில் உங்களைவிட விவரம் தெரிந்த நிரலாளர் யாரும் கிடையாது.

திருத்தம் எங்கே காத்திருக்கிறது?

நிரலாளர்கள் கட்டித்தரும் சிறு தளங்கள் பலவற்றின் கோப்புகள் கிட்ஹப்பில் இருக்கின்றன. 2008-இல் தொடங்கி, 2018-இல் மைக்ரோசாப்ட் கைக்குப் போன, நிரல் கோப்புகளை இணையத்தில் வைத்துப் பராமரிக்கும் சேவை இது. அடியில் ஓடுவது 'கிட்' என்னும் மென்பொருள். லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலைப் பராமரிப்பதற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதியது. உலகெங்கும் இருந்து ஏராளமானோர் ஒரே நிரலில் கைவைக்கும்போது ஒருவர் வேலையை இன்னொருவர் கெடுத்துவிடக் கூடாது. ஆகவே மூலப் பிரதியை யாரும் நேரடியாகத் தொடுவதில்லை. அதிலிருந்து ஒரு கிளை பிரித்து, கிளையில் திருத்தி, மூலத்தோடு சேர்த்துக்கொள்ளும்படி விண்ணப்பிக்கிறார்கள். கிட்ஹப்பில் அந்த விண்ணப்பத்தின் பெயர் புல் ரிக்வெஸ்ட். சேர்ப்பதன் பெயர் மெர்ஜ். லினக்ஸ் காரர்களுக்காக வந்த ஏற்பாடு இன்று சேலைக் கடைக்கும் உதவுகிறது.

செயற்கை நுண்ணறிவும் இதே வரிசையில்தான் வந்து நிற்கிறது. கல்யாணப் பத்திரிகை அச்சாகுமுன் அச்சகத்தார் புரூஃப் கொடுப்பார்களே, ஏறக்குறைய அதுதான் புல் ரிக்வெஸ்ட். அச்சு இயந்திரம் எப்படி ஓடுகிறதென்று அறியாத மாமாதான் அதில் முகூர்த்த நேரத்தையும் சம்பந்தி வீட்டாரின் இனிஷியலையும் சரிபார்க்கிறார்.

நீங்கள் மெர்ஜ் செய்யும்வரை, வாடிக்கையாளர் பார்க்கும் தளத்தில் ஓர் எழுத்தும் மாறாது. நாளை காலை காபி குடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம், எதுவும் கெட்டுப்போகாது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. மூலக் கிளையிலேயே நேரடியாக எழுதும் அனுமதியைக் கருவிக்குக் கொடுத்திருந்தால், ஒப்புதல் என்ற கட்டமே வராமல் திருத்தம் தளத்துக்குப் போய்விடும். புல் ரிக்வெஸ்ட் இல்லாமல் எதையும் சேர்க்கக் கூடாது என்று கிட்ஹப்பின் அமைப்புப் பக்கத்தில் பூட்டுப் போடலாம். ஒரு தளத்தின் கோப்புகளும் அவற்றின் வரலாறும் இருக்கும் இடத்துக்குக் களஞ்சியம் என்று பெயர். எல்லோருக்கும் திறந்திருக்கும் களஞ்சியங்களுக்கு இலவசக் கணக்கிலேயே இந்த வசதி உண்டு. தளத்தைக் கட்டிய நிரலாளர் எப்போதாவது கையில் சிக்கினால் முதலில் இதைச் செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சிவப்பை முதலில் படியுங்கள்

புல் ரிக்வெஸ்டைத் திறந்ததும் கண்ணில் படுவது கருவி எழுதிய விளக்கம். என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று மணிமணியாக எழுதியிருக்கும். படியுங்கள், ஆனால் அதை நம்பி ஒப்புதல் தராதீர்கள். அது செய்ததாகச் சொல்வது அங்கே இருக்கிறது; உண்மையில் செய்தது 'ஃபைல்ஸ் சேஞ்ச்ட்' என்ற தாவலில் இருக்கிறது. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத அந்தச் சில சமயங்களுக்காகத்தான் நீங்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அந்தத் தாவலில் தெரிவது டிஃப், அதாவது பழையதற்கும் புதியதற்கும் இடையிலான ஒப்பீடு. 1970-களில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக எழுதப்பட்ட ஒரு சிறு நிரலிலிருந்து வந்த பழக்கம் இது. கழித்தல் குறியோடு சிவப்பில் இருக்கும் வரி நீக்கப்பட்டது. கூட்டல் குறியோடு பச்சையில் இருப்பது சேர்க்கப்பட்டது. நிறமில்லாத வரிகள் இடம் புரிவதற்காகக் காட்டப்படுபவை, மாறாதவை. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையின் வரலாற்றைத் திறந்து இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. படங்கள் மாறியிருந்தால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் வசதியும் கிட்ஹப்பில் இருக்கிறது.

மேலே எத்தனை கோப்புகள் மாறியிருக்கின்றன என்ற எண்ணிக்கை தெரியும். அங்கேயே பாதிக் கதை விளங்கிவிடும். எண்ணை மாற்றச் சொன்னதற்கு இரண்டு மூன்று கோப்புகள் மாறியிருந்தால் நியாயம். முப்பது கோப்புகள் மாறியிருந்தால் படிக்கவே உட்கார வேண்டாம். ஏன் என்று கேளுங்கள்.

அடுத்து, சிவப்பு வரிகளை மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பாருங்கள். புதிதாகச் சேர்ந்தது எப்படியும் பக்கத்தில் தெரிந்துவிடும். காணாமல் போனது தெரியாது. முகப்புப் பக்கத்தின் அடியில் இருந்த ஜிஎஸ்டி எண்ணோ, 'விற்ற துணி திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற வரியோ இல்லாமல் போனால், பக்கம் முன்பைவிட அழகாகவே இருக்கும். வாடிக்கையாளர் சண்டைக்கு வரும்போதுதான் அந்த வரி நினைவுக்கு வரும்.

ஒரு எண்ணை மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்று கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முகப்பில் கண்ணுக்குத் தெரியும் எண் ஒன்று. அதைத் தொட்டால் போன் எந்த எண்ணை அழைக்க வேண்டும் என்பது இணைப்புக்குள் தனியாக எழுதப்பட்டிருக்கும். வாட்ஸ்அப் பொத்தானுக்குள் அதே எண் இன்னொரு முறை இருக்கும். 'தொடர்புக்கு' பக்கத்திலும் இதே மூன்றும் இருக்கும். போதாததற்கு, தேடுபொறிகள் படிப்பதற்காகப் பக்கத்தின் தலைப்பகுதியில் எழுதிவைத்த கடை விவரத்திலும் ஒன்று இருக்கலாம்.

கருவி கண்ணுக்குத் தெரியும் எண்ணை மாற்றிவிட்டு இணைப்பை விட்டுவிட்டால், பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருக்கும். வாடிக்கையாளர் புதிய எண்ணைத் தொடுவார். அழைப்பு பழைய எண்ணுக்குப் போகும். வாட்ஸ்அப் இணைப்பில் இன்னொரு நுணுக்கம்: எண்ணுக்கு முன்னால் நாட்டுக் குறியீடான 91 இருக்க வேண்டும், கூட்டல் குறி, முன்பூஜ்யம், இடைவெளி எதுவும் கூடாது. சிவப்பு வரியில் பன்னிரண்டு இலக்கமாக இருந்த எண் பச்சை வரியில் பத்து இலக்கமாகச் சுருங்கியிருந்தால், அந்தப் பொத்தான் இனி வேலை செய்யாது. இதைக் கண்டுபிடிக்க நிரல் தெரிய வேண்டியதில்லை. விரல்விட்டு எண்ணத் தெரிந்தால் போதும். ஐயம் தீரவில்லை என்றால், கிட்ஹப்பின் தேடல் பெட்டியில் பழைய எண்ணை இட்டுப் பாருங்கள். இடைவெளி விட்டும் விடாமலும் தேடுங்கள். அது எந்தெந்தக் கோப்புகளில் இருக்கிறதோ அவை எல்லாம் திருத்தத்திலும் வந்திருக்க வேண்டும்.

தமிழ்த் தளங்களுக்கென்றே சில குழப்பங்கள் உண்டு. டிஃப் வரி வரியாக ஒப்பிடுகிறது. கோப்பில் ஒரு பத்தி முழுவதும் ஒரே வரியாக எழுதப்பட்டிருந்தால், ஒரு காற்புள்ளி மாறினாலும் பத்தி முழுவதும் சிவப்பில் ஒருமுறை, பச்சையில் ஒருமுறை வரும். மிரள வேண்டாம். மாறிய இடம் மட்டும் சற்று அடர்ந்த நிறத்தில் இருக்கும். கண்ணை அங்கே வையுங்கள்.

சில சமயம் சிவப்பு வரியும் பச்சை வரியும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும், ஆனாலும் மாறியதாகக் காட்டும். பல நேரம் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி கூடியிருக்கும் அல்லது குறைந்திருக்கும். தமிழில் இன்னொரு காரணமும் இருக்கிறது. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக ஒரு விதம், கொம்பு தனி, கால் தனி என்று இன்னொரு விதம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. இது பெரும்பாலும் தீங்கில்லாத மாற்றம். ஆனால் 'ஔ' என்ற ஓரெழுத்து, ஒகரமும் ளகரமுமாக இரண்டெழுத்தாகிவிட்டால் அது பிழை. ஔவையாரைத் தேடி வருபவருக்கு ஔவையார் கிடைக்கமாட்டார்.

எனக்கு எரிச்சல் ஊட்டுவது வேறு. கேட்காமலேயே நம் தமிழைச் 'சரிசெய்யும்' பழக்கம் இந்தக் கருவிகளுக்கு இருக்கிறது. கடைக்காரர் ஆசையாக எழுதிய "நம்ம ஊர் சுங்குடி" என்ற வரி, "எங்கள் பாரம்பரியத் தயாரிப்புகள்" என்று மாறி வந்து நிற்கும். இலக்கணப்படி குற்றமில்லை; கடையின் குரல் போயிற்று. ரூ.1,25,000 என்பது ரூ.125,000 ஆகும். ஜூன் 5 என்று எழுதாமல் 05/06 என்று எழுதி, அது ஜூன் 5-ஆ, மே 6-ஆ என்று படிப்பவரைக் குழப்பும். இவற்றையெல்லாம் பிடிக்கக் கூடியவர் நீங்கள் ஒருவர்தான். ஆங்கிலம் மட்டும் தெரிந்த நிரலாளர் ஆயிரம் பேர் பார்த்தாலும் நம்ம ஊர் சுங்குடி போனது தெரியாது.

நிரல் வரிகளில் எல்லாவற்றையும் புரிந்துகொள்ள முயல வேண்டாம். சில சொற்களைக் கண்டால் மட்டும் நின்றுவிடுங்கள். 'நோஇன்டெக்ஸ்' (noindex) என்ற சொல் பச்சையில் வந்தால், அந்தப் பக்கத்தைத் தேடல் முடிவுகளில் காட்டாதே என்று தேடுபொறிகளுக்குச் சொல்கிறீர்கள். கடைத் தளத்துக்கு அதைவிடப் பெரிய சாபம் இல்லை. கிட்ஹப்பே தளங்களை வெளியிட்டுத் தரும் கிட்ஹப் பேஜஸ் சேவையில் இயங்கும் தளமாக இருந்தால் 'சி-நேம்' (CNAME) என்ற பெயரில் ஒரே வரியுள்ள சிறு கோப்பு இருக்கக்கூடும். உங்கள் சொந்த இணைய முகவரி எழுதப்பட்டிருக்கும் இடம் அது. தேவையில்லாத கோப்பு என்று நினைத்துக் கருவி அதை நீக்கியிருந்தால், முகவரி வேலை செய்யாமல் போகலாம். விசாரணைப் படிவம் எந்த மின்னஞ்சலுக்குப் போகிறது, பணம் செலுத்தும் பொத்தான் எங்கே கொண்டுபோகிறது என்ற வரிகளில் கேட்காத மாற்றம் எதுவும் இருக்கக் கூடாது. கடைசியாக, பொருளற்ற எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட கோவை ஏதாவது பச்சையில் வந்தால் அது ஏதோ ஒரு சேவைக்குக் கடவுச்சொல்போலப் பயன்படும் ரகசியச் சாவியாக இருக்கலாம். என்னவென்று தெரியாமல் ஒப்புதல் தராதீர்கள்.

முன்னோட்டம், பிறகு பொத்தான்

நெட்லிஃபை, வெர்செல், கிளவுட்ஃபிளேர் பேஜஸ் ஆகியவற்றில் ஒன்றின் மூலம் தளம் வெளியாகிறதென்றால், புல் ரிக்வெஸ்டுக்கென்றே தற்காலிக முகவரியில் ஒரு முன்னோட்டத் தளத்தை அவை உருவாக்கும். அதன் இணைப்பு புல் ரிக்வெஸ்டின் உரையாடல் பகுதியிலேயே வந்துவிடும். கிட்ஹப் பேஜஸில் இது இயல்பாகக் கிடையாது. ஆகவே நிரல் தெரியாதவர் ஒரு தளத்தைக் கவனித்துக்கொள்ளப்போகிறார் என்றால், முன்னோட்டம் தரும் சேவைக்கு மாறிக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

முன்னோட்டத்தைக் கணினியில் பார்த்தால் போதாது. உங்கள் வாடிக்கையாளர் கையில் இருப்பது போன். போனில் திறந்துகொள்ளுங்கள். மாறிய பக்கத்தை முழுவதுமாக உருட்டிப் பாருங்கள். மாறிய இணைப்பு ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். அழைப்பு எண்ணைத் தொட்டால் போன் திரையில் என்ன எண் வருகிறது என்பதே தீர்ப்பு.

புல் ரிக்வெஸ்டின் அடியில் பச்சை 'டிக்' குறிகள் தெரியும். தானியங்கிச் சோதனைகள் தேறிவிட்டன என்று பொருள். பலர் இதைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். தளம் உடையாமல் உருவாகிறது என்பதற்குமேல் அது பெரிதாக எதையும் சொல்வதில்லை. ஒன்பதாயிரம் ரூபாய்ச் சேலைக்குத் தொள்ளாயிரம் என்று விலை போட்டிருந்தாலும் 'டிக்' பச்சையாகத்தான் இருக்கும். சிவப்புப் பெருக்கல் குறி வந்தால் மட்டும் நிறுத்துங்கள். அந்தப் பிழைச் செய்தியைப் படியெடுத்துக் கருவியிடமே கொடுத்து, என்னவென்று விளக்கச் சொல்லலாம்.

பிடிக்கவில்லை என்றால் ஒப்புதல் மறுப்பதற்குத் தயங்க வேண்டாம். கருவி கோபித்துக்கொள்ளாது. உரையாடல் பகுதியில் @copilot என்பதுபோலக் கருவியைப் பெயர் சொல்லி அழைத்து, என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று எழுதினால் அதே கிளையில் திருத்தித் தரும். எழுதும் விதத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. "தளத்தைக் கொஞ்சம் நன்றாக ஆக்கு" என்றால் முப்பது கோப்புகளோடுதான் வரும். "தொடர்பு எண்ணை மட்டும் மாற்று. கண்ணுக்குத் தெரியும் எண், அழைப்பு இணைப்பு, வாட்ஸ்அப் இணைப்பு மூன்றிலும் மாற்று. வேறு எந்தத் தமிழ் வாக்கியத்தையும் தொடாதே" என்றால் இரண்டு நிமிடத்தில் படித்து முடிக்கக்கூடிய திருத்தம் வரும். எண் ஒரு திருத்தம், விடுமுறை அறிவிப்பு வேறொரு திருத்தம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றில் தவறு வந்தாலும் மற்றது பாதிக்காது. ஒரே சிரமம், நிலுவையில் இருக்கும் இரண்டு திருத்தங்கள் ஒரே வரியைத் தொட்டிருந்தால் இரண்டாவதைச் சேர்க்கும்போது முரண் இருப்பதாகச் சொல்லி கிட்ஹப் மறுக்கும். முதலாவது சேர்ந்த பிறகு, புதிய நிலைக்கு ஏற்ப இரண்டாவதைச் சரிசெய்யும்படி கருவியிடம் சொன்னால் போதும்.

எல்லாம் சரி என்றால் 'மெர்ஜ் புல் ரிக்வெஸ்ட்' பொத்தான். கோபைலட்டின் திருத்தம் வரைவு நிலையில் வரும் என்பதால், அதை முதலில் பார்வைக்குத் தயார் என்று மாற்ற வேண்டியிருக்கும். அழுத்தியதும் உறுதிசெய்யச் சொல்லி இன்னொரு முறை கேட்கும். பிறகு புல் ரிக்வெஸ்ட் ஊதா நிறத்துக்கு மாறும். வெளியிடும் சேவை தானாகவே புதிய தளத்தை உருவாக்கும். சிறிய தளங்களுக்குச் சில நிமிடங்கள் போதும். உடனே போய்ப் பார்த்தால் பழைய எண்ணே தெரிகிறதா? உலாவி தன்னிடம் சேமித்துவைத்த பழைய பக்கத்தைக் காட்டக்கூடும். மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் திறந்து பாருங்கள், அல்லது வேறொருவர் போனில் பாருங்கள். அப்போதும் பழையதே தெரிந்தால்தான் விசாரிக்க வேண்டும்.

வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு கிட்ஹப் எதற்கு என்று தோன்றலாம். வேர்ட்பிரஸிலும் பக்கத்தின் பழைய பதிப்புகளைச் சிவப்பு, பச்சை நிறங்களில் ஒப்பிட்டுப் பார்த்து மீட்கும் வசதி இருக்கிறது. ஆனால் அது பக்கத்தின் உரைக்கு மட்டும். தீமிலோ பிளக்இனிலோ செய்த மாற்றங்களை அது காப்பாற்றாது. அங்கே கருவியைக் கைவைக்க விடுமுன் முழுத் தளத்தையும் பேக்கப் எடுத்துவைப்பது ஒன்றே வழி.

வெளியிட்ட பிறகு தவறு தெரிந்தால்? மெர்ஜ் ஆன புல் ரிக்வெஸ்டின் அடியில் 'ரிவர்ட்' என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் நேராகப் பழைய நிலைக்குப் போய்விடாது. செய்ததைத் தலைகீழாக்கும் புதிய புல் ரிக்வெஸ்ட் ஒன்று உருவாகும். அதையும் மெர்ஜ் செய்தால்தான் பழைய தளம் திரும்பும். அவசரம் என்றால் வெளியிடும் சேவையின் பக்கத்துக்கே போகலாம். நெட்லிஃபையிலும் வெர்செலிலும் முன்பு வெளியான பதிப்புகள் வரிசையாக இருக்கும். நன்றாக இருந்ததைத் தேர்ந்தெடுத்து மறுபடி வெளியிட முடியும். பிழையை நிதானமாகப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

திரும்பப் பெற முடியாதவையும் உண்டு. தவறான மின்னஞ்சலுக்குப் போன விசாரணைகள் திரும்பி வராது. தொள்ளாயிரம் ரூபாய் என்ற விலையைப் பார்த்துப் பணம் கட்டியவரிடம் நீங்கள்தான் பேசியாக வேண்டும். ரகசியச் சாவி விஷயத்தில் ரிவர்ட் பொத்தானை நம்பவே கூடாது. கிட் எல்லாப் பழைய பதிப்புகளையும் வைத்துக்கொள்ளும் மென்பொருள்; கோப்பிலிருந்து சாவியை நீக்கினாலும் வரலாற்றில் அது இருந்துகொண்டே இருக்கும், களஞ்சியம் திறந்திருந்தால் யாரும் எடுத்துக்கொள்ளலாம். சாவி வெளியே தெரிந்துவிட்டது என்று சந்தேகம் வந்த உடனே, அதைக் கொடுத்த சேவையின் கணக்கில் நுழைந்து பழைய சாவியை ரத்து செய்துவிட்டுப் புதியது வாங்குங்கள். தளத்தைச் சரிசெய்வது அதற்கு அடுத்த வேலை.